நனையாத ராணி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, பெறாமல் சேர்த்துக்கொண்டது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினவள் நான். அதில் ஒருவரையும் யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க விட்டதில்லை. எதற்கும் பயப்படாதவள் என்று எங்கள் தெருவில் என்னைச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பூக்கடைப் பக்கம் போகும்போது கதம்பத்தில் செருகின தவனத்தின் பச்சை வாசனை மூக்கில் ஏறினால் போதும், இன்றைக்கும் ஒன்பது வயதுப் பெண்ணாக ஒரு பெரிய வீட்டுக் கூடத்தில் துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது போலவே இருக்கும்.

எங்கள் வீடு அப்போது சைதாப்பேட்டையில், ஆற்றோரம் இருந்தது. நைனாவுக்குச் சலவைத் தொழில். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டதால் நைனாவும், பூ விற்கிற அத்தையும்தான் என்னை வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் எல்லாம் எனக்கு வாய்க்கவில்லை. எழுத்து என்பது நாற்பது வயதுக்கு மேல் பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து ஒன்றொன்றாய் வந்தது. ஆனால் அறுபது வீட்டுக் "குறி" எனக்கு எட்டு வயதிலேயே மனப்பாடம். யார் வீட்டுத் துணி என்று தெரிய, துணியின் மூலையில் போகாத மையால் நைனா போடுகிற அடையாளத்துக்குத்தான் குறி என்று பெயர். இரண்டு புள்ளிக்குக் கீழே ஒரு கோடு என்றால் ஆதம்பாக்கத்து வாத்தியார் வீடு, மூன்று கோட்டின் தலையில் ஒரு சுழி என்றால் தி.நகர் டாக்டர் வீடு. இருட்டில் கொடுத்தாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவேன் என்று நைனா நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பெருமை பேசுவார்.

பட்டில் மட்டும் குறி கிடையாது. அந்தக் காலத்தில் பட்டை யாரும் லேசில் வெளியில் சலவைக்குப் போடமாட்டார்கள். அறுபது வீட்டில் எங்களை நம்பிப் பட்டுப் போட்டது ஒரே ஒரு வீடு, மயிலாப்பூர் மாட வீதியில் இருந்த மாமி வீடு. அந்தப் பட்டு வந்த அன்றைக்கு நைனா காலையிலேயே குளித்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசும்போது கரையைத் தனியாக ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட அந்தப் புடவைக்கு அது ரொம்ப முக்கியம். "ஈரத்தோட கர பொடவ ஒடம்புமேல பட்டுச்சோ, செவப்பு எறங்கிடும் கன்னிமா. எறங்கிச்சினா எறங்கினதுதான், அந்த பிரம்மாவே வந்தாலும் வெளுக்க முடியாது" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "பட்டு போட்றாங்கன்னா வூட்டுச் சாவியக் குட்த்த மாரி."

வெளியில் சொல்லாத பழக்கம் ஒன்று எங்கள் தொழிலில் அப்போது இருந்தது. கல்யாணம், நாடகம் என்று வந்து கேட்கிறவர்களுக்கு, சலவைக்கு வந்த துணியை ஒரு நாளைக்கு உடுத்தக் கொடுத்து, திரும்ப வாங்கி வெளுத்து, வீட்டுக்காரர்களிடம் ஒன்றும் தெரியாதது போலச் சேர்த்துவிடுவது. எல்லாரும் செய்ததுதான். நைனாவும் செய்தார், ஆனால் அவருக்கு இரண்டு கட்டுப்பாடு இருந்தது. ஒரு பேட்டைத் துணி அதே பேட்டைக்குப் போகக் கூடாது. பட்டு எந்தப் பேட்டைக்கும் போகக் கூடாது.

அந்த வருஷம் தை பிறந்ததும் தெற்கேயிருந்து ஒரு நாடகக் கம்பெனி வந்தது. ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இறங்கிக்கொண்டு, மயிலாப்பூரில் ஒரு சபாவின் கீற்றுக் கொட்டகையில் மூன்று நாள் ஆடப்போவதாக ஏற்பாடு. குதிரை வண்டியில் தப்பட்டை அடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரிக்கலாம், முப்பது பாட்டு, மேடையில் நிஜ மழை என்று கத்திக்கொண்டு போனார்கள். சிரிப்பும் பாட்டும் யாருக்கு வேண்டும், எங்கள் பேட்டை முழுக்க அந்த நிஜ மழையைப் பற்றித்தான் பேச்சு. "கொட்டாய்க்குள்ள எப்டிடி மழ பெய்யும்? பெய்யலன்னா நான் வுட்டுட்டு வருவனா?" என்று அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

முந்தின ஊரில் கம்பெனியின் உடுப்புப் பெட்டி ஒன்று நனைந்து வீணாகிவிட்டதாம். அதனால் நைனாவிடம் வந்து துணி கேட்டார்கள். மயிலாப்பூரில் ஆடுகிறவர்களுக்கு மயிலாப்பூர்த் துணி ஆகாது என்று நைனா பார்த்துப் பார்த்து ஆதம்பாக்கத்துத் துணியாகப் பத்து உருப்படி எடுத்துக் கட்டி, என் தலையில் வைத்து அனுப்பினார். கூலியோடு, எனக்கும் அத்தைக்கும் முதல் பெஞ்சில் இரண்டு இடம் என்பது பேச்சு.

மூட்டையைப் பிரித்தவர் சிங்காரம் என்பவர். ஆறடி உயரம், தோள் இந்த அகலம். அவர்தான் ராணி வேஷம் கட்டுகிறவர். மேலே இருந்த சுங்குடிச் சேலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்த்தா, இதக் கட்டிக்கிட்டு நான் ராணியா வரணுமா, இல்ல ராணி வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவளா வரணுமா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் கையில் வந்துபோகிற துணியின் அருமை இவர்களுக்கு என்ன தெரியும் என்று இருந்தது.

"எங்க வூட்ல பட்டே கீது" என்றேன்.

"யாரு பட்டு?"

"எங்கம்மாது. செத்துப்பூட்டாங்க."

இப்படித்தான் அந்தப் பொய் என் வாயிலிருந்து விழுந்தது. கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டது. சிங்காரம் குந்தி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து, "பத்திரமா வச்சுக்கிறேன்த்தா, கொண்டா" என்றார். அன்று சாயங்காலமே நைனா ஆற்றில் இருந்த நேரமாகப் பார்த்து, மாமியின் மாம்பழப் பட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உருப்படி பத்துக்குச் சரியாக இருக்க வேண்டுமே என்று அந்தச் சுங்குடியை யாரிடமும் சொல்லாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். எனக்குத் துணிச்சல் கொடுத்தது ஒன்றுதான்: மாமி பெண்ணை அழைத்துவரப் பெங்களூர் போயிருந்தார், வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிப் போயிருந்தார்.

நாடகத்தன்று அத்தை கூடையில் மிச்சமிருந்த பூவையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "அடியே கன்னிமா, நீயும் வந்திருக்கியா?" என்று ஒரு குரல். திரும்பினால் மூன்றாவது வரிசையில் மாமி. பக்கத்தில் எட்டு மாத வயிற்றோடு அவர் பெண். "நேத்தே வந்துட்டோம். வெள்ளிக்கிழமை இவளுக்குச் சீமந்தம். அந்த மாம்பழப் பட்டை நாளைக்குக் காலம்பற கொண்டு வரச் சொல்லு உங்கப்பாகிட்ட, என்ன?"

நான் தலையை ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். விளக்கை அணைத்தார்கள். மேடை வெளிச்சமானது. ஆர்மோனியம் இழுக்க, ராஜா வந்து பாடினார், மந்திரி வந்து தடுக்கி விழுந்தார், பிறகு திரை விலகி, மாமியின் பட்டு நடந்து வந்தது. எனக்கு சிங்காரத்தின் முகமே தெரியவில்லை. அந்த மஞ்சளும் அரக்கும்தான் ஒரு பந்தம் மாதிரி எரிந்துகொண்டு வந்தன. என் பின்மண்டையில் மாமியின் கண் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

கதை என்னவோ இதுதான்: எந்நேரமும் அலங்காரம் செய்துகொண்டே இருக்கிற ஒரு ராணி, அதனால் வேளைக்குச் சோறு கிடைக்காத ஒரு ராஜா. ராஜா பசியில் பாடுவார், ராணி கண்ணாடி பார்த்துப் பாடுவாள், மந்திரி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாடுவார். முப்பது பாட்டு என்றது பொய்யில்லை, ஆனால் முப்பதும் ஒரே மெட்டு. சிரிக்க வேண்டிய இடத்தில் மந்திரியே முதலில் சிரித்துக் காட்டினார். ஜனங்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். "இன்னாத்துக்குடி வாயத் தொறக்காம குந்திகினுகீற? காது குத்தப்போற கொயந்த மாரி மூஞ்ச வச்சினுகீறியே" என்று அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அப்புறம் அவளே, "நானுந்தான் எங்க சிரிச்சேன், அந்த மழயயாச்சும் காட்டுவானுங்களா பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அம்மாளிடம் கேட்டாள், மழை எப்போது வரும் என்று. முந்தின ஊரில் பார்த்த சொந்தக்காரர் சொன்னதாக அந்த அம்மாள் விவரமாகச் சொன்னார்: கடைசியில் ராஜா வருணனை வேண்டிப் பாட, மழை கொட்டி, ராணி தொப்பலாக நனைந்து, பூசின அரிதாரமெல்லாம் வழிந்து ஓடும், அதுதான் நாடகத்திலேயே பெரிய சிரிப்பு.

மழை என்று தெரியும். அது ராணியின் மேல் பெய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அரக்கு மஞ்சளில் இறங்குவதை அங்கேயே மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். நைனாவின் முகத்தையும் பார்த்தேன். இடைவேளை மணி அடித்ததும், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். சிங்காரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாத்தா, அந்தச் சுங்குடிய எங்க வச்ச? மழைக்கு அதத்தானே மாத்தணும், மூட்டைய மூணு தடவ ஒதறிட்டேன்" என்றார்.

"வூட்ல கீதுண்ணே" என்றேன். ஆறடி ஆளுக்குச் சுற்றிவர அங்கே வேறு சேலை கிடையாது. "நனைக்காதண்ணே, கர சாயம் எறங்கிடும்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ஒருமுறை கொட்டகையின் முகட்டைப் பார்த்தார்; ஓட்டை போட்ட தகர டின்களில் தண்ணீர் நிரப்பி மூங்கிலில் கட்டி வைத்திருந்தார்கள். "இந்த மழைக்குத்தான்த்தா இத்தன சனம் வந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு மணி அடித்துவிட்டது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து அடுத்த ஒரு மணி நேரம் நான் வேண்டாத சாமி இல்லை. ராஜா வருணனைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தார். உள்ளே யாரோ தகரத்தை ஆட்டி இடி இடித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கயிற்றை இழுத்ததும், நிஜமாகவே, மேடை நடுவில் சலசலவென்று தண்ணீர் கொட்டியது. கொட்டகையே ஆ என்றது. ராணி அரண்மனை வாசலாக வைத்திருந்த அட்டை வளைவுக்கு அடியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ராணி, வெளியே வா, மழை அழைக்கிறது!" என்றார் ராஜா.

"எனக்குச் சளி பிடித்திருக்கிறது மகாராஜா!" என்றார் சிங்காரம்.

அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது, அன்றைக்கு எழுந்த ஒரே நல்ல சிரிப்பு. ராஜா மறுபடி கூப்பிட்டார். சிங்காரம் மறுபடி சளி என்றார். மூன்றாம் தடவை ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பிடித்து இழுக்க, சிங்காரம் அட்டையைக் கட்டிக்கொண்டு அசையவில்லை. "யோவ், நீ இன்னா உப்பா, சக்கரயா? கரஞ்சிடுவியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. "நனைடா!" என்று ஒரு கூட்டமே எழுந்து நின்று கத்தியது. அத்தையும் எழுந்து நின்று கத்தினாள். வெறும் பலகைமேல் பெய்த மழை சொட்டுச் சொட்டாகி நின்றுபோனது. ஊரே ஏமாந்துபோய் வைதுகொண்டு வெளியேறியது. மனிதர் ஒருவர், நான் சொன்ன பொய்க்காக, அந்த வசவையெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு நின்றார். நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மாமி வையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மேடையில் இருந்த அரக்குக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் சந்தைக்குப் பின்னால் ஓடினேன். சிங்காரம் வாசலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய டிரங்குப் பெட்டி. முதலாளி அவரைப் போகச் சொல்லிவிட்டாராம். பட்டை நாலாய் மடித்து ஒரு பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். "ஒங்கம்மா சேலையில ஒரு சொட்டு படல, பாத்துக்க" என்று என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நடந்தேன். அது அம்மா சேலை இல்லை என்று அப்போதும் சொல்லவில்லை. அவர் எந்த ஊர், என்ன ஆனார் என்று அதற்கப்புறம் தெரியாது. கம்பெனியும் மூன்று நாளை முடிக்காமலே கிளம்பிவிட்டது.

பட்டில் தண்ணீர் படவில்லை. ஆனால் முந்தானைப் பக்கம் அரிதார வாசனை குப்பென்று அடித்தது. அலச நேரம் இல்லை. அத்தையின் கூடையிலிருந்து தவனம் ஒரு பிடி எடுத்து மடிப்புக்கு மடிப்பு வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உதறிவிட்டு, நைனா கட்டிக் கொடுத்த மூட்டையோடு சேர்த்து மயிலாப்பூருக்குக் கொண்டுபோனேன்.

மாமி கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பட்டை மடியில் வைத்துப் பிரித்தார். முகத்தருகே கொண்டுபோனார். கரையை ஒரு முழம் ஒரு முழமாகத் தடவிப் பார்த்தார். ஊஞ்சல் சங்கிலியின் சத்தம் மட்டும்தான்.

"உங்காத்துல எப்பலேர்ந்துடி பட்டுக்குத் தவனம் வைக்கறேள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து நாடகம் நன்னாவே இல்லை. எல்லாரும் அவனைத் திட்டினா. நான் மட்டும்தான் திட்டலை. அவன் நனையாம இருந்தானே, அதுக்கு." மாமி பட்டை மடித்தார். குரல் ஏறவே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "உங்கப்பன் பண்ணியிருக்க மாட்டான், அது நேக்குத் தெரியும். அவன் மானஸ்தன். இதைக் கேட்டான்னா தாங்க மாட்டான். நானும் சொல்லலை, நீயும் சொல்லாதே."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வாசற்படியில் கால் வைக்கும்போது சொன்னார்: "பருத்தியெல்லாம் எப்பவும்போல எடுத்துண்டு போ. பட்டு இனிமே நானே அலசிக்கறேன்."

அவ்வளவுதான். அந்த வீட்டு வேலை எங்கள் கையைவிட்டுப் போகவில்லை. பருத்தி வந்துகொண்டுதான் இருந்தது. பட்டு மட்டும் வரவில்லை. அந்தச் சீமந்தம் முடிந்து குழந்தை பிறந்து, குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்தபோது நைனா முதல்தடவை கேட்டார்: "மாமி ஏன் கன்னிமா பட்டு போடறதே இல்ல? கர கிர எதுனா எறங்கிச்சா?" தெரியலையே நைனா என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தை மாதமும் கேட்டார். பூந்திக்கொட்டை ஒரு டப்பா நிறைய எப்போதும் தயாராக வைத்திருந்தார். நான் கல்யாணமாகிப் போனபிறகும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போதெல்லாம், மற்ற பேச்செல்லாம் ஓய்ந்தபிறகு, தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்பார். தன் கையில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த நினைப்போடுதான் போனார். ஆறு பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுத்த நான், அவர் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு நாளும் நிமிர்ந்து பதில் சொல்லவில்லை. முதலில் அடிக்குப் பயம். பிறகு மாமிக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அவர் முகம் எப்படி மாறும் என்கிற பயம்.

போன மாதம் கோயிலுக்கு மயிலாப்பூர் போயிருந்தேன். கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மாமி வீடு நாலு மாடியாகிவிட்டது; கூடமும் இல்லை, ஊஞ்சலும் இல்லை, அந்தச் சங்கிலிச் சத்தத்தை நினைவு வைத்திருக்கிறவளும் நான் ஒருத்திதான். கோயில் வாசலில் ஒரு பெண் தவனம் விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பேத்தி செல்வியின் பழைய நோட்டுப் புத்தகத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஆயிற்று.

இந்தாடி செல்வி, முடிச்சிட்டேன். எழுத்துத் தப்பை அப்புறம் திருத்திக்கலாம். முதல்ல ஒரு தடவ மொத்தமா வாசிச்சுக் காட்டு. இங்க வேணாம், உள்ள வா, நைனா படம் மாட்டிகீதே, அதுக்கு எதிர்ல நின்னுகினு சத்தமா வாசி. நான் உன் கையப் புடிச்சிக்கிறேன். பட்டு வர்ற எடத்துல மட்டும் நிறுத்திடாத.